பெரிய சூப்பர் மார்க்கெட் ரெடிமேட் சாப்பாடு: கொடுக்கற காசுக்குத் தரம் இருக்குதுங்களா?

சூலூர்வாசி:

வணக்கமுங்க. கோயமுத்தூர்ல ரேஸ்கோர்ஸ், ஆர்.எஸ்.புரம், அவிநாசி ரோடு பக்கம் இருக்கற பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள்ல ரெடிமேட் சாப்பாட்டுக்குன்னே இப்ப தனி அலமாரி, தனி ஃப்ரீசர் எல்லாம் வெச்சிருக்காங்க. சாதாரண மளிகைக் கடையில கிடைக்கற பாக்கெட்டை விட ரெண்டு மடங்கு, மூணு மடங்கு விலைங்க. டப்பா அழகா இருக்குது. "பாட்டி கைப்பக்குவம்", "பதப்படுத்தும் பொருள் சேர்க்காதது"ன்னு எழுதியிருக்குது. பட்டர் சிக்கன், தால் மக்கனி, தாய் கறி (தாய்லாந்து நாட்டுத் தேங்காய்ப்பால் குழம்பு), பிரியாணி, பரோட்டா, இப்ப பள்ளிபாளையம் சிக்கனும் அரிசிம்பருப்பும் கூட வருது.

வீட்ல ரெண்டு பேரும் வேலைக்குப் போறோமுங்க. வாரத்துல ரெண்டு மூணு ராத்திரிக்கு இது உதவுமான்னு பாக்கறேன். வயசானவங்களும் இருக்காங்க, ஒருத்தருக்கு பி.பி. இருக்குது. கேக்க வந்தது மூணு விஷயமுங்க. விலை ஏற ஏறத் தரமும் ஏறுதுங்களா? எந்த ஐட்டம் வாங்கலாம், எதைத் தொடவே கூடாது? லேபிள்ல எதைப் பாத்து முடிவு பண்றது? "வீட்ல சமைச்சா நல்லது"ங்கற பதில் வேண்டாமுங்க, அது தெரிஞ்சதுதான்.

சிப்காட்காரர்:

விலையை வைத்துத் தரத்தைக் கணிக்க முடியாதுங்க. அந்தப் பதார்த்தம் எந்த முறையில் பதப்படுத்தப்பட்டது, அந்த முறை அதற்குப் பொருந்துமா, இதுதான் முதல் கேள்வி. பொருந்தாத முறையில் செய்ததை 400 ரூபாய்க்கு விற்றாலும் அது சுமாராகத்தான் இருக்கும். பொருந்துகிற முறையில் செய்தது 100 ரூபாய் பாக்கெட்டிலும் நன்றாக இருக்கும்.

கடையில் இருப்பது மூன்று வகை. அலமாரியில் சாதாரணமாக அடுக்கி வைத்திருப்பது ரிட்டார்ட் பவுச். ஃப்ரீசரில் இருப்பது உறைய வைத்தது, மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். திறந்த கூலரில் இருப்பது குளிர வைத்தது, 5 டிகிரிக்குக் கீழே, சில நாட்கள்தான் தாங்கும்.

ரிட்டார்ட் என்பது ஒரு பெரிய பிரஷர் குக்கர் மாதிரி. சமைத்த குழம்பைப் பவுச்சில் அடைத்து, ஒட்டி, அதற்குப் பிறகு நீராவியிலோ சுடுநீரிலோ அழுத்தத்தோடு 121 டிகிரி வரை கொண்டுபோவார்கள். பவுச்சின் நடுப்பகுதி, அதாவது கடைசியாகச் சூடேறும் இடம், 121 டிகிரியில் குறைந்தது 3 நிமிடம் இருந்ததற்குச் சமமான வெப்பத்தை வாங்கியிருக்க வேண்டும். கொடிய நச்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்து, அதாவது சூட்டைத் தாங்கி உறங்கிக் கிடக்கும் அதன் வடிவம், சாக அவ்வளவு தேவை. பவுச்சும் சாதாரண பிளாஸ்டிக் இல்லை. பாலியஸ்டர், அலுமினியத் தாள், நைலான், பாலிப்ரோப்பிலீன் என்று அடுக்கடுக்காக ஒட்டியது. நம் நாட்டில் இந்தத் தொழில்நுட்பத்தை ராணுவத்துக்காக வளர்த்ததில் மைசூரில் 1961ல் தொடங்கிய பாதுகாப்புத் துறை உணவு ஆராய்ச்சிக் கூடத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இதிலிருந்து ஒரு விஷயம் புரிந்துகொள்ளுங்க. ரிட்டார்ட் பவுச்சில் "பதப்படுத்தும் பொருள் சேர்க்கவில்லை" என்று போடுவது பொய் இல்லை, ஆனால் பெருமையும் இல்லை. வெப்பமே அந்த வேலையைச் செய்துவிடுவதால் விலை குறைந்த பவுச்சுக்கும் அது தேவைப்படாது. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அந்த வெப்பத்தைத் தாங்குவது எது என்று பார்த்து வாங்குங்க. ராஜ்மா, கொண்டைக்கடலை, கறுப்பு உளுந்து, கொள்ளு, தட்டப்பயிறு, மொச்சை எல்லாம் நன்றாகத் தாங்கும். நீண்ட நேரம் வேகவேண்டிய பொருள் என்பதால் ரிட்டார்ட் அதற்கு நல்லதே செய்கிறது. கறுப்பு உளுந்தில் செய்யும் தால் மக்கனி ரிட்டார்ட் பவுச்சில் தைரியமாக வாங்கக்கூடிய முதல் ஐட்டம்.

தாங்காதது கீரை. பச்சை நிறம் போய் பாசி படிந்த பழுப்பாகிவிடும், பாலக் பனீரில் பார்த்திருப்பீங்க. பனீர் ரப்பர் மாதிரி இறுகும். தேங்காய்ப்பால் குழம்பு லேசாகப் பழுப்பேறி, இனிப்புத் தட்டும். பால் திரிந்து பிரியாமல் இருக்க மாவுச்சத்து சேர்ப்பார்கள், அதனால் நாக்கில் கொழகொழப்பு நிற்கும். பவுச்சில் வரும் தாய் கறி ஏமாற்றுவது இதனால்தான், எவ்வளவு விலை கொடுத்தாலும். கோழியில் பிராய்லர் நார் நாராகப் பிரியும். எலும்பு பவுச்சைக் குத்திவிடும் என்பதால் பெரும்பாலும் எலும்பில்லாத கறிதான் போடுவார்கள், அப்போதே குழம்பின் ருசியில் பாதி போய்விடுகிறது.

சாதம் ரிட்டார்டில் இரண்டு முறை வேகிறது, பிறகு மாதக்கணக்கில் அறை வெப்பத்தில் கிடந்து இறுகுகிறது. பவுச்சில் பிரியாணி, புலாவ், பொங்கல் எதையும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். உறைய வைத்த சாதம் வேறு கதை. வெந்த அரிசி மிக வேகமாக இறுகுவது ஃப்ரிட்ஜ் வெப்பநிலையில், 4 டிகிரி வாக்கில். மைனஸ் 18ல் அந்த இறுக்கம் கிட்டத்தட்ட நின்றுவிடும். அதனால் பிரியாணி வேண்டுமென்றால் ஃப்ரீசரில் இருப்பதை வாங்குங்க. கூலரில் இருப்பதையும் அலமாரியில் இருப்பதையும் விடுங்க.

உறைய வைத்ததிலும் ஆகாதவை உண்டு. உருளைக்கிழங்குத் துண்டு ஸ்பாஞ்சு மாதிரி ஆகி நீர் விடும். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகும். தயிர் சேர்த்த குழம்பு பிரியும். பரோட்டா, சப்பாத்தி, குருமா, மட்டன் குழம்பு, கட்லெட் நன்றாக வரும்.

கோபி அம்மிணி:

சிப்காட்டுத் தம்பி சொன்னது சரிங்க. நான் நம்மூர் ஐட்டத்தைப் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா அதுலதான் பேரை வெச்சு வெலையை ஏத்தறாங்க.

பள்ளிபாளையம் சிக்கன்னு போட்டிருந்தா, டப்பாவைத் திருப்பிச் சேர்மானத்தைப் படிங்க. அரைக் கிலோ கோழிக்கு வித்து எடுத்த வரமொளகா 15, 20, சின்ன வெங்காயம் கால் கிலோவுக்கு கொஞ்சம் கொறைய, பல்லுப் பல்லா நறுக்குன தேங்கா ஒரு கைப்பிடி, மஞ்சத்தூள், கறிவேப்பிலை, நல்லெண்ணெய், உப்பு. அவ்வளவுதானுங்க. மசாலாத்தூளே கெடையாது. லேபிள்ல தக்காளி விழுது, கரம் மசாலா, சோளமாவு, நிறத்துக்குன்னு ஏதாச்சும் இருந்துச்சுன்னா அது பள்ளிபாளையம் இல்லீங்க, பொதுவான சிக்கன் மசாலாவுக்குப் பேரு மாத்தி ஒட்டுனது. வெங்காயத்துக்கு முன்னாடி தண்ணி வந்தாலும் வேண்டாம். அது சுண்ட வறுக்கற ஐட்டம், அதுல தண்ணி ரெண்டாவது எடத்துல வர்றதுக்கு நாயமே இல்லீங்க.

அரிசிம்பருப்பு பவுச்சுல வர்றது எனக்கு மனசு ஒப்பாதுங்க. ஒரு டம்ளர் அரிசிக்குக் கால்ல இருந்து மூணுல ஒரு பங்கு துவரம்பருப்பு, சின்ன வெங்காயம் 15, பூண்டு ஏழெட்டுப் பல்லு, தக்காளி ஒண்ணு, சீரகம், மொளகு, மொளகாத்தூள், மல்லித்தூள், தண்ணி மூணரை டம்ளர், குக்கர்ல மூணு விசில். அரை மணி நேரத்துல எறக்கிப்போடலாம். பவுச்சைச் சூடு பண்ணி, கொழஞ்சு போனதைக் கிண்டி, மேல நெய் ஊத்தி ஒப்பேத்தறதுக்கும் பத்து நிமிசம் ஆகுது. இந்த ஒரு ஐட்டத்துக்கு மட்டும் "வீட்ல செய்யுங்க"ன்னு சொல்லிக்கறேன், கோவிச்சுக்காதீங்க.

வாங்கறதுன்னா கொள்ளு, தட்டப்பயிறு, பச்சப்பயிறு கடைஞ்சது மாதிரி வாங்குங்க. ஆனா பவுச்சை வெட்டி அப்படியே ஊத்திச் சாப்பிடாதீங்க. அந்தச் சூட்டுல தாளிப்பு வாசம் எல்லாம் அடங்கிப் போயிருக்கும். கறிவேப்பிலை இருக்கும், வாசம் இருக்காது. பூண்டு இருக்கும், காரம் இருக்காது. 300 கிராம் பவுச்சுக்கு ஒரு ஸ்பூன் கடலெண்ணெய், கால் ஸ்பூன் கடுகு, ஒரு சிட்டிகை சீரகம், வரமொளகா ஒண்ணு, தட்டுன பூண்டு மூணு பல்லு, சின்ன வெங்காயம் நாலு பொடுசா. வெங்காயம் செவந்த பொறவு கறிவேப்பிலை போட்டு, பவுச்சைக் கொட்டி, கால் டம்ளர் வெந்நீர் விட்டு ஒரு கொதி. எறக்குறப்ப அரை மூடி எலுமிச்சை பிழிஞ்சு விட்டா இன்னும் நல்லது, பவுச்சுச் சாப்பாட்டுல எப்பவும் புளிப்பு ஒரு படி கொறஞ்ச மாதிரியே இருக்கும். உப்பு மட்டும் சேர்க்காதீங்க, அதுல ஏற்கனவே மேல இருக்கும்.

வடக்கத்திக் குருமா வகைக்கும் ஒரு வார்த்தை. பட்டர் சிக்கன், பனீர் மக்கனியில முந்திரி முன்னாடி வருதா, அதுக்குப் பதிலா வெலை கொறைவாப் போடற தர்பூசணி விதை விழுது முன்னாடி வருதான்னு பாருங்க. வெண்ணெய்ன்னு முன்பக்கம் பெருசா எழுதிட்டு, பின்னாடி பாமாயில் மூணாவது எடத்துலயும் வெண்ணெய் பத்தாவது எடத்துலயும் இருக்கும். எடை கூடுனது முன்ன, கொறஞ்சது பின்னன்னுதான் சேர்மானத்தை எழுதோணும், அது சட்டமுங்க.

குளிர்பெட்டி மெக்கானிக்:

சாப்பாட்டைப் பத்திப் பேசறோம், பெட்டியைப் பத்தி யாரும் பேசலீங்க. உறைய வெச்சது, குளிர வெச்சது ரெண்டுலயும் கம்பெனி எவ்வளவு நல்லாப் பண்ணியிருந்தாலும், வேன்லயும் கடையிலயும் குளிர் விட்டுப்போச்சுன்னா முடிஞ்சுது. பெரிய கடைக்குக் கூடக் காசு கொடுக்கறதுல அர்த்தம் இருக்குதுன்னா அது இந்த ஒரு எடத்துலதான். அதையும் நாமளே சோதிச்சுக்கலாமுங்க.

மொதல்ல ஃப்ரீசர். நீங்க வாங்கப் போற டப்பாவை விட்டுட்டு, அதே பெட்டியில இருக்கற பச்சைப் பட்டாணிப் பாக்கெட்டை எடுத்து ஆட்டுங்க. பட்டாணி தனித்தனியா ஓடுனா சரி. கட்டி கட்டியா ஒட்டியிருந்தா அந்தப் பெட்டி எப்பவோ ஒரு தடவை எளகி மறுபடி உறைஞ்சிருக்குது. அங்க எதையும் வாங்காதீங்க. அப்பறம் டப்பாவுக்குள்ள பனித்தூள் உதிர்ந்து கெடக்குதான்னு பாருங்க. குளிர் ஏறி எறங்கி ஏறி எறங்கி இருந்தா சாப்பாட்டுல இருக்கற ஈரம் வெளிய வந்து பனியா நிக்கும். அந்தச் சாப்பாடு சூடு பண்ணுனா வறண்டு போயிருக்கும். பரோட்டா பாக்கெட் ஒரு பக்கம் வளைஞ்சு, அடுக்குகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்தாலும் அதே கதைதான்.

மேல மூடி வெச்ச படுக்கை ஃப்ரீசர், கண்ணாடிக் கதவு வெச்ச நிக்கற ஃப்ரீசரை விட நல்லாக் குளிர் புடிக்கும், ஏன்னா குளிர்காத்து கனமானது, மூடியைத் தெறந்தாலும் உள்ளேயே தங்கும். எந்தப் பெட்டியிலயும் உள்பக்கம் ஒரு கோடு போட்டிருக்கும், அதுக்கு மேல அடுக்கக் கூடாது. மேல குமிச்சு வெச்சிருந்தா கோட்டுக்குக் கீழ இருக்கறதை எடுங்க.

தெறந்த கூலர்ல மேல இருந்து கீழ ஒரு காத்துத் திரை ஓடிட்டே இருக்கும். பொருளை வெளிம்பு வரைக்கும் தள்ளி அடுக்குனா அந்தத் திரை ஒடைஞ்சு போகும், முன்வரிசை சூடாயிரும். பின்வரிசையில கையை விட்டு எடுங்க, தேதியும் பெரும்பாலும் அங்கதான் புதுசா இருக்கும். கூலர் மேல இருக்கற டிஜிட்டல் எண்ணை மட்டும் நம்பாதீங்க. அது சென்சார் இருக்கற எடத்துக் காத்தோட வெப்பம், டப்பாவோட வெப்பம் இல்லை. பனி உருக்கற நேரத்துல அதுவே ஏறியும் காட்டும். டப்பாவைத் தொட்டா கை சில்லுன்னு ஒறைக்கோணும்.

வீட்டுக்குக் கொண்டு போறது அடுத்த கண்டம். ஏப்ரல், மே மாசத்துல ஈரோடு, கரூர் பக்கம் 40 டிகிரியைத் தொடற வெயில்ல ஃப்ரீசர் ஐட்டத்தைக் கடைசியா பில் போடற நேரத்துலதான் எடுக்கோணும். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில வெக்காதீங்க, எஞ்சின் சூடு அங்கதான் ஏறும். நாலஞ்சு நியூஸ் பேப்பர்ல சுத்தி, வெப்பம் தாங்கற பையிலயோ தெர்மகோல் பெட்டியிலயோ போட்டு அரை மணி நேரத்துக்குள்ள சேர்த்துருங்க.

அப்பறம் கரண்ட். மாதாந்திரப் பராமரிப்புன்னு காலையில 9 மணிக்கு நிறுத்துனா சாயந்தரம் நாலு, அஞ்சு மணி ஆயிருது. ஃப்ரீசர் முழுசா நெறஞ்சிருந்து கதவைத் தெறக்காம இருந்தா 48 மணி நேரம் வரைக்கும் தாங்கும், பாதி நெறஞ்சிருந்தா 24. கீழ ஃப்ரிட்ஜ் பாகம் நாலு மணி நேரம்தான். அதனால கூலர்ல வாங்குனதை நிறுத்தத்துக்கு மொத நாளே சாப்பிட்டு முடிச்சிருங்க. ஃப்ரீசர்ல காலி எடம் இருந்தா தண்ணி பாட்டிலை முக்கால் நெறச்சு உறைய வெச்சு அடைங்க. ஊருக்குப் போறீங்கன்னா ஒரு டம்ளர் தண்ணியை உறைய வெச்சு மேல ஒரு ரூபாக் காசு வெச்சுட்டுப் போங்க. வந்து பாக்கறப்ப காசு உள்ள எறங்கியிருந்தா, நீங்க இல்லாதப்ப எல்லாம் எளகிருச்சுன்னு அர்த்தம், சாப்பாட்டைத் தூக்கிப் போட்டுருங்க.

சூலூர்வாசி:

ரொம்ப உபயோகமுங்க. பட்டாணி சோதனை தெரியவே தெரியாது. இன்னும் ரெண்டு. பி.பி. இருக்கறவங்களுக்கு இது ஆகவே ஆகாதுங்களா, இல்ல ஏதாச்சும் வழி இருக்குதுங்களா? அப்பறம் மைக்ரோவேவ்ல வெச்சா ஓரம் கொதிக்குது, நடுவுல சில்லுன்னு இருக்குது. பரோட்டாவும் வெறச்சுப் போகுதுங்க.

உப்புக்கணக்கு:

பி.பி.க்கு உணவுமுறை சொல்லும் இடத்தில் நாங்கள் பார்க்கச் சொல்வது ஒரே ஒரு வரி: 100 கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் சோடியம். ஒரு நாளைக்கு 2000 மி.கி. என்ற அளவை வைத்துத்தான் நம் நாட்டு லேபிளில் சதவீதம் போடுகிறார்கள். அது 5 கிராம் உப்புக்குச் சமம். சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். லேபிளில் 100 கிராமுக்கு 450 மி.கி. என்று இருக்கிறது, பவுச் 300 கிராம். முழுப் பவுச்சில் 1350 மி.கி., அதாவது சுமார் 3.4 கிராம் உப்பு. ஒருவரே சாப்பிட்டால் ஒரே வேளையில் ஒரு நாள் அளவில் மூன்றில் இரண்டு பங்கு தீர்ந்தது. "இரண்டு பேருக்கு" என்று போட்டு, ஒரு பேருக்கான சதவீதத்தை மட்டும் பெரிதாகக் காட்டுவார்கள், அங்கேதான் கண் ஏமாறும். வீட்டில் எத்தனை பேர் பங்கிட்டுச் சாப்பிடப் போகிறீர்களோ, அந்தக் கணக்கைப் போடுங்கள்.

வழி இருக்கிறது. பருப்பு, பயறு வகைப் பவுச்சில் உப்பில்லாமல் வேகவைத்த பருப்பு 150 கிராம் சேர்த்து மூன்று பேருக்காக்குங்கள். ஆளுக்கு 450 மி.கி.தான் வரும், இரண்டு பேர் அப்படியே சாப்பிட்டிருந்தால் 675. கோபி அக்கா சொன்ன தாளிப்பும் எலுமிச்சையும் சேரும்போது உப்புக் குறைந்தது நாக்குக்குத் தெரியாது. உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்பார்கள். அப்படி எதுவும் நடக்காது, கிழங்கையும் சேர்த்துச் சாப்பிட்டால் அந்த உப்பும் உள்ளேதான் போகிறது. சாதத்துக்கு உப்புப் போடாதீர்கள், அன்றைக்கு ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம்.

விலை உயர்ந்த பாக்கெட்டுகளில் "இந்துப்பு சேர்த்தது" என்று தங்க எழுத்தில் போடுகிறார்கள். இந்துப்பும் சோடியம் குளோரைடுதான், பி.பி.க்கு அதனால் ஒரு சலுகையும் கிடையாது. "அஜினோமோட்டோ இல்லை" என்பதற்குக் கீழே ஈஸ்ட் சாறு, ஐஎன்எஸ் 627, 631 என்ற எண் போட்ட சுவையூட்டிகள் இருக்கும். அவையும் அதே சுவையைக் கூட்டத்தான் சேர்க்கப்படுகின்றன. தீங்கு என்று சொல்லவில்லை, முன்பக்க எழுத்தை நம்பிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

100 கிராமுக்கு 300 மி.கி.க்குக் கீழே இருப்பதைத் தேடுங்கள். 500க்கு மேலே இருந்தால் பி.பி. உள்ளவருக்கு வைக்காதீர்கள். பரோட்டாவிலும் உப்பு உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். பரோட்டாவும் குருமாவும் சேர்ந்தால் இரண்டையும் கூட்டுங்கள்.

தாராபுரம் டு லீட்ஸ்:

சிப்காட்டு அண்ணன் கூலர்ல இருக்கற பிரியாணியை விடச் சொன்னாங்க. சாதத்துக்கு அது சரி. ஆனா கூலர் ஐட்டம் எல்லாமே வேண்டாம்ங்கற மாதிரி படிக்கறவங்க எடுத்துக்கக் கூடாதுங்க. இங்க பிரிட்டன்ல உயர்ந்த ரக சூப்பர் மார்க்கெட் சாப்பாடுன்னாலே குளிர வெச்சதுதான். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 1979ல குளிர வெச்ச சிக்கன் கீவ் (உள்ள வெண்ணெய் அடைச்சு, மேல பிரெட் தூள் பூசுன கோழி) கொண்டு வந்ததுல இருந்து அந்த வழக்கம் பரவுச்சு. லசான்யா (பாஸ்தா, கறி, சீஸ் அடுக்கிச் சுட்டது), மசிச்ச உருளைக்கிழங்கு மூடுன கறி, இதெல்லாம் உறையவே வெக்காததால நெகிழ்வு கெடறதில்லை. 121 டிகிரியும் படறதில்லை, அதனால பால், வெண்ணெய், கீரை வாசம் அப்படியே நிக்குது. ருசியை மட்டும் பாத்தா மூணு வகையில இதுக்குத்தான் மொத எடம்.

இங்கயும் வெலை ஏறுனா தரம் ஏறும்னு இல்லீங்க. ஒரே கடையில சாதாரண வரிசைக்கும் உசந்த வரிசைக்கும் வித்தியாசம் பாக்கறது, பேருல இருக்கற கறி எத்தனை சதவீதம்னுதான். லேபிள்ல அடைப்புக்குறிக்குள்ள போட்டிருக்கும். லசான்யான்னா மாட்டுக்கறி எத்தனைன்னு பாத்து, ரெண்டு டப்பாவையும் கிலோ வெலையில ஒப்பிட்டாப் போதும். முன்பக்கம் செவப்பு, மஞ்சள், பச்சைன்னு உப்பு, கொழுப்பு, சர்க்கரைக்கு நிறம் போடற வழக்கமும் 2013ல இருந்து இருக்குது, கட்டாயம் இல்லை, ஆனா பெரிய கடைகள் போடறாங்க. உசந்த வரிசையில வெண்ணெய், க்ரீம் கூடறதால பல சமயம் அதுலதான் செவப்பு அதிகமா இருக்கும்.

ஓவன்ல வெக்கறதா, மைக்ரோவேவ்ல வெக்கறதாங்கறதும் ருசியை மாத்தும். மேல சீஸ், பிரெட் தூள் இருக்கறதை மைக்ரோவேவ்ல வெச்சா சொதசொதன்னு ஆகும், ஏன்னா மேல்பக்கம் செவக்கற அளவு சூடு வராது. ஓவன்ல 180, 190 டிகிரியில 35, 40 நிமிசம் வெக்கோணும்.

சிப்காட்காரர்:

தாராபுரத்துக்காரர் சொல்வது அந்த ஊருக்குச் சரியானது. தொழிற்சாலையிலிருந்து வீட்டு ஃப்ரிட்ஜ் வரை 5 டிகிரி விட்டுப்போகாத ஊரில் குளிர வைத்ததுதான் சிறந்தது. இங்கே பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வேனில் வந்து, இறக்கும் இடத்தில் வெயிலில் கால் மணி நேரம் நின்று, பிறகு கூலருக்குப் போகிற டப்பாவுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. 5 முதல் 60 டிகிரி வரை கிருமி பெருகும் எல்லை. வெந்த சாதத்தில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து உயிரோடு இருக்கும், குளிர் விட்டால் முளைத்து நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. ஆகவே கூலரில் வாங்குவதென்றால் கோயமுத்தூரிலேயே, முடிந்தால் அந்தக் கடையின் சமையலறையிலேயே செய்ததை, செய்த தேதி பார்த்து வாங்குங்க. இட்லி மாவு மாதிரி ஐட்டம் வேறு. அதில் புளிப்பு ஏறினால் மூக்குக்கும், பாக்கெட் உப்பினால் கண்ணுக்கும் தெரிந்துவிடும். பிரியாணி கெட்டால் தெரியாது.

ரிட்டார்ட் பவுச் உப்பியிருந்தாலோ, ஓரத்து ஒட்டில் சுருக்கமோ குழம்புக் கறையோ இருந்தாலோ, மடிப்பில் வெடிப்பு தெரிந்தாலோ அதைத் திறந்து மோந்து பார்க்கக்கூட வேண்டாம். வாங்கும் முன் நான்கு பக்க ஒட்டையும் விரலால் ஒரு முறை தடவிப் பாருங்க.

மைக்ரோவேவ் கேள்விக்கு வருகிறேன். அலுமினியத் தாள் உள்ள பவுச்சை அப்படியே உள்ளே வைக்கக் கூடாது. பீங்கான் பாத்திரத்துக்கு மாற்றுங்க, அல்லது பவுச்சோடு கொதிநீரில் 4, 5 நிமிடம் போடுங்க. டப்பாவில் எழுதிய நேரம் எத்தனை வாட்டுக்கு என்று பாருங்க. 800 வாட்டுக்கு 4 நிமிடம் என்றால் 700 வாட் மைக்ரோவேவில் சுமார் நாலரை நிமிடம். ஓரம் கொதித்து நடு சில்லென்று இருப்பதற்குக் காரணம், நுண்ணலை ஓரிரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமாகப் போகாது. பிறகு சூடு தானாகத்தான் உள்ளே பரவ வேண்டும். உறைந்த குழம்பை முழு சக்தியில் வைக்காதீங்க. பாதி சக்தியில் 4 நிமிடம், எடுத்துக் கிளறி, முழு சக்தியில் 2 நிமிடம், பிறகு மூடி 2 நிமிடம் சும்மா வைக்கணும். சாதமென்றால் கிளறாமல் நடுவில் குழி மாதிரி விலக்கி, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடி வையுங்க. நடுவில் 75 டிகிரி வரணும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் நடுவிலிருந்து ஆவி தெரிய எழும்புகிறதா என்று பாருங்க.

கோபி அம்மிணி:

பரோட்டாவை மைக்ரோவேவ் பக்கமே கொண்டு போகாதீங்க, ஈரம் பூராப் போயி தோலாயிரும். எளகவும் விடாதீங்க. ஃப்ரீசர்ல இருந்து எடுத்த கையோட நடுத்தரத் தீயில காஞ்ச கல்லுல போடோணும். எளகுனா உள்ள இருக்கற எண்ணெயும் மாவும் ஒட்டி அடுக்கு அடுக்கா வராது. ஒரு பக்கம் ரெண்டு நிமிசம், திருப்பி ரெண்டு நிமிசம், அப்பறம் ஓரத்துல அரை ஸ்பூன் எண்ணெய் விட்டு இன்னொரு தடவை திருப்பி எடுங்க. கல்லை விட்டு எறக்குன சூட்டோட ரெண்டு பக்கத்துல இருந்தும் கையால நெருக்கித் தட்டுனா பூப் பூவா விரியும். தீயைக் கூட்டுனா வெளிய கருகி உள்ள மாவா நிக்கும், கொறச்சா வறண்டு வெறச்சுப் போகும். அஞ்சாறு பரோட்டா சுடறதா இருந்தாலும் ஒவ்வொண்ணா ஃப்ரீசர்ல இருந்து எடுங்க, மேசை மேல அடுக்கி வெக்காதீங்க.

வயசானவங்களுக்குன்னா பரோட்டாவுக்குப் பதிலா உறைய வெச்ச சப்பாத்தி வாங்குங்க. அரை வேக்காட்டுல வர்றதால கல்லுல ஒவ்வொரு பக்கமும் 30 நொடி போதும். சேர்மானத்துல மொதல்ல கோதுமை மாவுன்னு இருக்கோணும். சுத்திகரிச்ச கோதுமை மாவுன்னு போட்டிருந்தா அது மைதாங்க.